இரத்தம் உறையாமல் காக்கும் மருந்தும் உடற்பயிற்சியும்

(பிறையில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிடையே ஆற்றப்பட்ட உரை)



இதயத் துடிப்பு சீர்கெட்டவர்கள், இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பெற்றவர்கள், காலின் நாளத்தில் இரத்தம் உறைந்து துன்புற்றவர்கள் ஆகியோரிற் பலருக்கு மருத்துவர்கள் 'வார்ஃபரின்' என்னும் மாத்திரையைக் கொடுக்கின்றனர். அதனை உண்போரிற் சிலர், இரத்தம் நீர்த்துவிட்டது, இனி அசைந்தாலே ஆபத்து என்றஞ்சி, நாள் முழுதும் உட்கார்ந்தே காலங்கழிக்கின்றனர். அவ்வச்சத்தைப் போக்குவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

இம்மருந்து இரத்தத்தை நீராக்குவதில்லை. பால்மரம் வெட்டும் உங்களுக்கு இதனை விளக்குவது எளிது. மங்கில் வடிந்த பாலை அப்படியே விட்டுவிட்டால் அது உறைந்து கட்டிப்பாலாகிவிடும். சிறிதளவு அம்மோனியா சேர்த்தால் உறையாது நிற்கும். அங்கே பால் நீர்த்துப்போவதில்லை, உறைவதுதான் தள்ளிப்போகிறது. வார்ஃபரினும் வேறொரு வழியில் இதே பயனைத் தருகிறது. இரத்தத்தை உறையச் செய்யும் பொருள்களை நமது கல்லீரல் 'வைட்டமின் கே' என்னும் சத்தைக் கொண்டு ஆக்குகிறது. அவ்வேலையை இம்மருந்து மட்டுப்படுத்துகிறது.

"இது எலி மருந்தாயிற்றே!" என்று கேட்போரும் உளர். அது உண்மையே. 1920ஆம் ஆண்டுகளில் கனடாவிலும் வட அமெரிக்கப் பண்ணைகளிலும் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் ஒழுகி மடிந்தன. அதன் காரணத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் லிங்க் என்பவரின் குழுவினர் ஆராய்ந்ததன் பயனாகவே வார்ஃபரின் பிறந்தது. 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்த அது, 1954இல் மனிதருக்குரிய மருந்தாக ஏற்கப்பட்டது. 1955இல் மாரடைப்புற்ற அமெரிக்க அதிபர் ஐசனோவருக்கும் அது கொடுக்கப்பட்டது. நஞ்சும் மருந்தும் அளவினால் வேறுபடுகின்றன. அந்த அளவைக் காட்டுவதே 'ஐ.என்.ஆர்.' என்னும் இரத்தப் பரிசோதனை. மருந்துண்ணாதவருக்கு அது ஏறத்தாழ 1 ஆக இருக்கும். மருந்துண்பவரிற் பெரும்பாலோருக்கு 2 முதல் 3 வரை இருத்தல் வேண்டும். சில செயற்கை வால்வுகளுக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும்.

இனி உடற்பயிற்சிக்கு வருவோம். மருத்துவரின் இசைவைப் பெற்றபின், நாளொன்றுக்குப் பத்து நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள். சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளொன்றுக்கு 30 நிமிடம் என்ற அளவை எட்டலாம். நடக்கும்போது பேச முடியவேண்டும். பேச்சுக்கே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தாலும் தலை சுற்றினாலும் உடனே நிறுத்தி மருத்துவ உதவியை நாடுங்கள். பழக்கம் ஒரே சீராக இருப்பது நன்று. பயிற்சியைத் திடீரெனக் கூட்டினாலோ விட்டுவிட்டாலோ மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

விலக்க வேண்டியது அசைவையன்று. அடியையும் வெட்டையும் வீழ்ச்சியையுமே. ஆகவே கபடி, காற்பந்து, சிலம்பம் போன்றவை வேண்டா. சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் அணிக. உளி பிடிப்போர் கையுறையும் வழுக்காத காலணியும் அணிவதோடு, தாம் இம்மருந்து உண்பதை மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தல் நலம்.

தைப்பூசத்தைப் பற்றியும் ஒரு சொல். பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 500க்கு மேற்பட்ட படிகளை இடையிடையே இளைப்பாறி ஏறலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். ஆனால் அலகு குத்திக்கொள்ளவே கூடாது. அதற்காக இரண்டு நாள் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது அதனினும் கொடிது. செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே கேடு. பாற்குடம் ஏந்தியும் நேர்த்திக்கடனைச் செலுத்தலாம்.

சுளுக்கு, உடல்வலி என்றால் அழுத்தி உருவிவிடுதலும், கடையில் கேட்டு வலி மாத்திரை வாங்கி உண்ணுதலும் ஆகா. நாட்டு மருந்தாயினும் கேட்டறிந்தே உண்ணுங்கள். கீரையை அறவே ஒதுக்கவேண்டா. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்ணுங்கள். கள்ளையும் சம்சுவையும் விட்டொழியுங்கள்.

காயம்பட்டால் தூய துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அப்போதும் நில்லாத இரத்தம், கருத்த மலம், சிவந்த சிறுநீர், காரணமின்றித் தோன்றும் நீலத் தழும்பு ஆகியவை கண்டால் மருத்துவமனைக்கு விரையுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே காயமில்லாவிடினும், காத்திராமல் செல்லுங்கள். ஐ.என்.ஆர். பரிசோதனை தேவைப்படாத புதுவகை மருந்துகளை உண்போருக்கும் அடி, வெட்டு, இரத்தக் கசிவு பற்றிய எச்சரிக்கைகள் யாவும் பொருந்தும்.

பரிசோதனை நாளைத் தவறவிடாதீர்கள். மாத்திரையை நாள்தோறும் ஒரே நேரத்தில் உண்ணுங்கள். அச்சத்தை விடுத்து அளவோடு நடந்து நலம் பெறுங்கள் எனக் கேட்டு விடைபெறுகிறேன்.