இரவல் வாய்
(நேரலை இலக்கிய உரையின் எழுத்து வடிவம்)

 

ஏ லெவல் படிக்கும்போது நாங்கள் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒரு பாட்டு வீடியோவைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மூன்றே முக்கால் நிமிடம் ஓடும். எடுத்த இடம் நான் இன்றைக்கும் இருக்கிற பார்க்கிங். தமிழில் எழுதினால் கார் நிறுத்துகிற இடமாகிவிடும் ஊர். ஈஸ்ட் ஹாமைத் தாண்டினால் ரெயிலில் அடுத்த தரிப்பு.

பாட்டு வீடியோ என்றதும் விளையாட்டு என்று வீட்டில் நினைத்தார்கள். அது பரீட்சை. 2010-11 கல்வியாண்டு. ஓ.சி.ஆர். பரீட்சைச் சபையின் ஊடகக் கல்விப் பாடத்தில் இந்தச் செயற்றிட்டத்துக்கு மொத்தம் 100 புள்ளி. வீடியோவுக்கு 40. ஆராய்ச்சிக்கும் திட்டமிடலுக்கும் 20. இசைத்தட்டு உறைக்கும் சஞ்சிகை விளம்பரத்துக்கும் சேர்த்து 20. எல்லாம் முடிந்தபிறகு, என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று திரும்பிப் பார்த்து எழுதுவதற்கு 20. அந்தக் கடைசி 20 புள்ளிக்காகத்தான் இன்றைக்கு உங்கள் முன் இருக்கிறேன்.

எங்கள் குழுவில் நான், இங்கேயே பிறந்த ஒரு தமிழ்க் கூட்டாளி, வங்காளதேசக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, நைஜீரியப் பெற்றோரின் மகன் ஒருவன். வெளிவந்த பாட்டைப் பாவித்தால் உரிமையாளரிடம் அனுமதி கேட்டு எழுத வேண்டும். நாங்கள் எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் பதில் வரவில்லை. உரிமையாளர் இல்லாத பாட்டு ஒன்று என் கூட்டாளி வீட்டுக் குசினியில் இருந்தது.

அந்த வீட்டு மேல்மாடிச் சின்ன அறையில் ஒரு அண்ணை தங்கியிருந்தார். தூரத்துச் சொந்தம். வடமராட்சிக் கரையோரத்துக்காரர். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது, வேலை செய்ய அனுமதி இல்லை. மீன் வெட்டும்போது அம்பா பாடுவார். கரைவலை இழுக்கும்போதும் தோணி தள்ளும்போதும் பாடுவது அம்பா. ஒருவர் முன்னே பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் கொடுப்பார்கள். பதில் விழும் இடத்தில் கயிறு இழுபடும். கேட்கிறவர்களுக்காகக் கட்டிய பாட்டல்ல, கை ஒன்றாக அசைவதற்கான பாட்டு. நைஜீரிய நண்பன்தான் எங்கள் இசையமைப்பாளன். கணினியில் தாளக்கட்டம் போட்டுப் பொருத்தப் பார்த்தான், பொருந்தவில்லை. அண்ணையின் பாட்டு, இழுவை வருகிற இடத்தில் நீண்டு, விடுகிற இடத்தில் குறுகும். கடைசியில் தாளக்கட்டத்தை நிறுத்திவிட்டு, அவர் மூச்சைக் கேட்டுக் கேட்டுக் கையாலேயே மேளத்தை வாசித்தான்.

எங்கே எடுப்பது என்பதில் பெரிய விவாதம் இருக்கவில்லை. பார்க்கிங்கும் ஒரு காலத்தில் மீன்பிடி ஊர். ஹியூவெட் குடும்பத்தின் ஷோர்ட் புளூ கப்பற்படை இங்கேதான் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த ஊரிலிருந்து 200க்கும் மேற்பட்ட பாய்மர மீன்பிடிக் கலங்கள் வடகடலுக்குப் போயின. குளிர்காலத்தில் சுற்றுவட்ட வயல்களில் தண்ணீர் விட்டு உறையவைத்து, அந்த ஐஸை எடுத்துச் சேமித்து மீனுக்குப் போட்டார்கள். பிறகு ரெயில் வந்து, கடலோரத்திலிருந்தே மீனை லண்டனுக்கு அனுப்பலாம் என்றானதும் படை கோர்ள்ஸ்டன் பக்கம் போய்விட்டது. ரோடிங் ஆற்றங்கரையில் டவுன் கீ என்ற பழைய படகுத்துறை மட்டும் மிச்சம். பக்கத்தில் ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வற்று நேரத்தில் போனால் சேறு, தள்ளுவண்டிச் சக்கரம், ஒரு பழைய கயிறு. அந்தக் கயிற்றைத்தான் இழுத்தோம்.

சிக்கல் முகத்தில் வந்தது. அண்ணை பாடத் தயார், முகம் காட்ட மாட்டார். எங்கள் வேலை முழுவதையும் வலைப்பதிவாகக் கொடுக்க வேண்டும், வீடியோ யூடியூப்பில் இருக்க வேண்டும். யுத்தம் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஊரில் அவருடைய தாயும் தம்பியும் இருந்தார்கள். "தம்பி, குரலைப் பிடிச்சுக்கொண்டு ஒருத்தனும் வரமாட்டான். முகத்தைப் பிடிச்சுக்கொண்டு வருவாங்கள்" என்றார். அதற்குமேல் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

நாங்கள் படித்த பாடமோ நேர்மாறானது. அன்ட்ரூ குட்வின் 1992இல் எழுதிய நூலை வைத்து, பாட்டு வீடியோவின் இலக்கணம் என்று எங்களுக்கு ஒரு பட்டியல் தந்திருந்தார்கள். வரிக்கும் காட்சிக்கும் உறவு இருக்கும், இசைக்கும் காட்சிக்கும் உறவு இருக்கும், பாடகரின் முகம் நெருக்கத்தில் திரும்பத் திரும்ப வரும். கடைசியானது ஏன் என்றால், இசைத்தட்டுக் கொம்பனி விற்பது முகத்தை. வகுப்பில் காட்டிய உதாரணங்களில் ஒன்று மாயா அருள்பிரகாசத்தின் 'கலாங்'. அவர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்சில் சினிமா படித்தவர். பின்னாலே அவர் வெட்டிய அச்சுருக்களில் டாங்கியும் குண்டும் ஓட, முன்னாலே அவர் நின்று ஆடுவார். ஈழத்து முகம் ஒன்று லண்டன் வகுப்பறைத் திரையில் அவ்வளவு பெரிதாக நிற்பதை நாங்கள் அப்போதுதான் பார்த்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்த வழி எங்களுக்கு உதவாது. அந்த முகத்தை எடுத்துவிட்டால் அந்த வீடியோவே இல்லை.

பொப் டிலானின் பழைய துண்டுப்படத்தையும் பார்த்தோம். 1965இல் இதே லண்டனில், சவோய் ஹோட்டலின் பின்சந்தில் எடுத்தது. வாயசைக்காமல் சொற்கள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடுவார். நாங்களும் தமிழில் அட்டை எழுதிப் பார்த்தோம். வடிவாகத்தான் இருந்தது. ஆனால் அட்டை வாசிக்கிறவனுக்குப் பாட்டின் மூச்சு கேட்காது.

வழி சொன்னது வங்காளதேசத் தோழி. "உங்கள் சினிமாவில் யாரோ பாட யாரோ வாயசைப்பார்களே, அதைச் செய்தால் என்ன?" என்றாள். எங்கள் இரண்டு தமிழருக்கும் தோன்றாதது அது. கண்ணுக்கு மிக அருகில் இருந்ததால் இருக்கலாம். 1938இல் வந்த 'நந்தகுமார்' படத்திலேயே இரவல் குரல் வந்துவிட்டது என்பார்கள். டி.எம். சௌந்தரராஜன் எம்.ஜி.ஆருக்கும் பாடினார், சிவாஜிக்கும் பாடினார். இது யாருடைய உண்மையான குரல் என்று கொட்டகையில் எவரும் எழும்பிக் கேட்கவில்லை. மேற்கத்தைய ரொக் இசையில் வாயசைப்பு ஏமாற்று வேலை. எங்களுக்கு அது ஒரு தொழில், அதற்குப் பின்னணி என்று மரியாதையான பெயர். பின்னால் நிற்பது என்பதற்கு ஒளிந்து நிற்பது என்றும் ஒரு பொருள் இருக்கலாம் என்று அந்த வருடம்தான் எனக்கு விளங்கியது.

வாயசைத்தவன் நைஜீரிய நண்பன். தமிழ்ப் பெடியன் யாராவது நின்றால் அவனைத்தான் பாடகன் என்று நினைப்பார்கள், பிறகு வீட்டைத் தேடுவார்கள் என்று அண்ணையே சொன்னார். ஒரு சொல் தமிழ் தெரியாதவன். வரிகளை ஆங்கில எழுத்தில் எழுதி, பஸ்ஸில் போகும்போதும் முணுமுணுத்தான். ல, ள, ழ மூன்றிலும் அவன் பட்ட பாடு பெரிது. படத்தொகுப்பில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்த மூன்றும் கமெராவுக்குத் தேவையே இல்லை. அவை நாக்கின் வேலை, உள்ளே நடப்பவை. வெளியே தெரிவது உதடு மூடுகிற மகரமும் பகரமும்தான். ஒரு வினாடிக்கு 25 சட்டகம். மகரத்தில் உதடு மூடும் சட்டகத்தைக் குரலோடு பொருத்திவிட்டால் மற்றதெல்லாம் தானாக நம்பப்படும். இரண்டு சட்டகம் தள்ளிப் போனாலும் பொய் தெரிந்துவிடும். பாட்டில் இருந்த ஒவ்வொரு 'ம்'மையும் 'ப்'பையும் நான் எண்ணிப் பொருத்தினேன். தொல்காப்பியர் இதழ் இயைந்து பிறக்கும் என்று சொன்ன எழுத்துகள்தான் அவை. எனக்கு அப்போது தொல்காப்பியம் தெரியாது.

அண்ணையும் படத்தில் இருக்கிறார். கயிறு இழுக்கிற நாலு சோடிக் கைகளில் ஒன்று அவருடையது. எது என்று சொல்ல மாட்டேன்.

இனி அந்த 20 புள்ளி. மதிப்பீட்டின் முதற்கேள்வி இது: உண்மையான ஊடகப் படைப்புகளின் மரபுகளை உங்கள் படைப்பு எப்படிப் பயன்படுத்துகிறது, வளர்க்கிறது, அல்லது எதிர்க்கிறது? நான் எழுதினேன்: குரலுக்கும் முகத்துக்கும் உள்ள உறவை முறித்து, நட்சத்திர முகத்தை விற்கும் மரபைக் கேள்வி கேட்டோம், தென்னிந்திய சினிமாவின் மரபை லண்டன் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தோம். நல்ல புள்ளி கிடைத்தது. எழுதியதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் காரணம் அதில் இல்லை. ஒரு மனிதனுக்குப் பயம் இருந்தது என்பதுதான் காரணம். அதை எழுதினால், முகத்தை மறைத்துப் பிரயோசனம் என்ன?

வேலையை ஒப்படைத்தது மே மாதம். யூன் 14ஆம் திகதி சனல் 4 இலங்கையின் கொலைக்களங்களைக் காட்டியது. அதே வாரம், வழக்கு நிராகரிக்கப்பட்ட தமிழர்களை ஏற்றிக்கொண்டு தனி விமானம் ஒன்று கொழும்புக்குப் போனது. அண்ணை அதில் இல்லை. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் பாட்டும் இல்லை.

அந்தப் பாடத்திட்டம் இப்போது இல்லை. 2017இல் மாற்றினார்கள். மாணவர் இப்போதும் பாட்டு வீடியோ எடுக்கிறார்கள், ஆனால் முடித்தபிறகு எழுதும் கட்டுரை போய், எடுப்பதற்கு முன்னால் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லும் நோக்கக் கூற்று வந்துவிட்டது, ஏறக்குறைய 500 சொல். ஆசிரியர்களுக்கு அது வசதியாக இருக்கலாம். எங்கள் வீடியோவுக்கு அப்படி ஒன்று எழுதியிருந்தால், குசினியில் மீன் வெட்டிக்கொண்டு பாடுகிறவரை நெருக்கத்தில் எடுப்போம் என்றுதான் எழுதியிருப்போம்.

அண்ணைக்கு நாலு வருடத்துக்குப் பிறகு வதிவிட அனுமதி கிடைத்தது. இந்தக் கதையை இன்றைக்குச் சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லு, பேரை விடு" என்றார். என்னுடைய கலியாணத்தில் நைஜீரிய நண்பன் எழும்பி அந்த அம்பாவைப் பாடினான், இந்தமுறை சொந்தக் குரலில். பதில் வரிகளை அண்ணை மேசையில் இருந்தபடியே கொடுத்தார். பாடி முடிய என் காதுக்குள் சொன்னார்: "இவனுக்கு இன்னும் 'ள' வரேல்லை, பார்த்தியே?"