கேள்வி கேட்கவும் விடணும், வதந்தியைத் தடுக்கவும் வேணும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கிய காலத்தில், நாலு பேர் முன்னாடி தன் பேரைச் சொல்லவே பெண்கள் கூச்சப்பட்டார்கள். வட்டமாக உட்கார்ந்து பேசிப் பேசித்தான் அந்தக் கூச்சம் போனது. இன்று அந்த வட்டத்தோடு வாட்ஸ் அப் குழுவும் சேர்ந்திருக்கிறது. நேரில் நடக்கும் கூட்டத்துக்கு நேரம் உண்டு, தீர்மானப் புத்தகம் உண்டு. செல்போன் கூட்டமோ ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் நடக்குது. அங்கே தப்பாகப் பேசினால் யார் கேட்பது? சரியாகப் பேசியவரைத் தடுத்தால் யார் கேட்பது?

இரண்டு சம்பவங்களைச் சொல்கிறோம்.

2018 மே மாதம், பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்க என்ற வதந்தி வாட்ஸ் அப்பில் பரவியிருந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே குலதெய்வக் கோயிலுக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் போனது. வழியில் அவர்கள் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததைப் பார்த்து ஊரார் சந்தேகப்பட்டு அடித்தார்கள். 65 வயது அம்மா ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலையில்தான், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுவுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ் அப் நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்தது.

அடுத்தது, 2012 நவம்பரில் மகாராஷ்டிராவின் பால்கரில் நடந்தது. ஒரு தலைவர் இறந்ததற்காகக் கடையடைப்பு எதற்கு என்று ஃபேஸ்புக்கில் ஒரு இளம்பெண் கேட்டார். இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார். இருவரையும் போலீஸ் கைது செய்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில் 'தொந்தரவு தரும் செய்தி' என்றெல்லாம் பொத்தாம் பொதுவாக எழுதியிருந்தது. எது தொந்தரவு என்பதற்கு அளவே இல்லை. 2015 மார்ச் 24-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்தது.

முதல் சம்பவம், கட்டுப்பாடே இல்லாவிட்டால் உயிரே போகும் என்று காட்டுகிறது. இரண்டாவது, விதி தெளிவாக இல்லாவிட்டால் நியாயமான கேள்வியும் குற்றமாகிவிடும் என்று காட்டுகிறது.

நம்ம குழுவுக்கும் இது பொருந்தும். "போன மாசம் வங்கியில் எவ்வளவு வட்டி பிடிச்சாங்க அக்கா?" என்று ஒரு உறுப்பினர் கேட்கிறார். உடனே அட்மின் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டால், நாளைக்குக் கணக்கு கேட்க யாருக்குத் தைரியம் வரும்? அதே சமயம், தவணை கட்ட முடியாத ஒரு சகோதரியின் பெயரையும் போட்டோவையும் குழுவில் போட்டு அவமானப்படுத்தினால், அதைப் பேச்சுரிமை என்று விட முடியுமா? நொந்துபோன பெண்ணை இன்னும் நோகடிப்பதற்கா குழு ஆரம்பித்தோம்?

அதனால் விதிகளை நாமே உட்கார்ந்து பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுவோம். நாங்கள் முன்வைக்கும் விதிகள் இவை:

1. கணக்கு, கடன், வட்டி பற்றிய கேள்வியை யாரும் அழிக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டும்.

2. சாதி, உடல், குடும்ப விஷயத்தைச் சொல்லி இழிவாகப் பேசக் கூடாது. அனுமதி இல்லாமல் போட்டோ போடக் கூடாது. தவணை பாக்கியை நேர்க் கூட்டத்தில் மட்டும் பேச வேண்டும்.

3. எங்கே, எப்போது, யார் சொன்னது என்று தெரியாத செய்தியை அனுப்பக் கூடாது. சந்தேகம் இருந்தால் முதலில் போன் போட்டு விசாரியுங்க.

4. தப்பு செய்தவரை முதலில் எச்சரிக்க வேண்டும். நீக்குவதென்றால் அவர் பக்கத்தைக் கேட்ட பிறகு, கூட்டத்தில் தீர்மானம் போட்டுத்தான் நீக்க வேண்டும். எப்போது திரும்பச் சேர்ப்போம் என்பதையும் எழுத வேண்டும்.

5. அட்மின் மூன்று பேர் இருக்கட்டும். தலைவி மாறுவது போல அவர்களும் மாறட்டும்.

6. ஸ்மார்ட் போன் இல்லாத உறுப்பினரும் நம்ம உறுப்பினர்தான். முடிவு எடுப்பது நேர்க் கூட்டத்தில் மட்டுமே.

"யாரோ போட்டதுக்கு அட்மின் ஜெயிலுக்குப் போகணுமா?" என்று சிலர் பயப்படுறாங்க. உறுப்பினர் போட்ட செய்திக்கு, அதில் உடந்தையாக இல்லாத அட்மின் பொறுப்பாளி ஆகமாட்டார் என்று 2021-ல் மும்பை உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளையும், 2022-ல் கேரள உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன. எனவே பயத்தில் எல்லோர் வாயையும் அடைக்க வேண்டியதில்லை. ஆனால் மிரட்டல், ஆபாசப் படம் போன்றவை குழுவுக்குள் பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல. பெண்கள் உதவி எண் 181, சைபர் குற்ற உதவி எண் 1930. தயங்காமல் கூப்பிடுங்கள்.

சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் உங்கள் குழுவில் இந்த ஆறையும் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாததை அடியுங்கள், விட்டுப்போனதைச் சேருங்கள். கடைசி வரிசையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் உறுப்பினரிடம் முதலில் கேளுங்கள்.