திருப்பதிக்குப் போகும் ராக்கெட்டும் வானத்துக்குப் போகும் ராக்கெட்டும்

(புதுச்சேரியில் ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் பேசியது)



இன்று என்னைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் பிள்ளைகள் தாங்களே செய்து பறக்கவிடும் சிறு ராக்கெட்டைப் பற்றியதாகும். "விளையாட்டுச் சாமானுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் நினைக்கக் கூடும். ஆனால் நம் நாட்டில் விளையாட்டு எது, காரியம் எது என்பதே தலைகீழாக அல்லவா இருக்கிறது? படித்துப் பட்டம் பெற்ற விஞ்ஞானிகள் சிறு ராக்கெட்டுப் பொம்மையைக் கையில் ஏந்திக்கொண்டு திருப்பதி மலைக்குப் போய்ச் சாமி காலடியில் வைத்து எடுத்து வந்தால் அது காரியம் என்கிறார்கள். அதே அளவு ராக்கெட்டை 12 வயதுப் பெண் ஒருத்தி தன் கையாலேயே ஒட்டி, வானத்தில் விட்டு, திரும்ப இறக்கினால் அது விளையாட்டு என்கிறார்கள். ஆகவே இரண்டு ராக்கெட்டையும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்துவிடுவோம்.

முதலில் திருப்பதி ராக்கெட்டு. 2019 ஜூலையில் சந்திரயான்-2 கிளம்புவதற்குமுன் இஸ்ரோவின் அன்றைய தலைவர் சிவன் அவர்கள் திருமலைக்குப் போய்த் தரிசனம் செய்தார். 15-ந் தேதி விடியற்காலம், கிளம்ப 56 நிமிஷம் இருக்கையில் கோளாறு கண்டு நிறுத்தப்பட்டது. கோளாறைக் கண்டுபிடித்தது யார்? கருவியும் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனும்தான். 22-ந் தேதி கிளம்பிற்று. செப்டம்பர் 7-ந் தேதி அதன் இறங்குகலம் சந்திரன்மேல் மோதி வீணாயிற்று. 2023 ஜூலையில் சந்திரயான்-3ன் மாதிரியும் அதே மலைக்குக் கொண்டு போகப்பட்டது. ஆகஸ்ட் 23-ந் தேதி அது பத்திரமாக இறங்கிற்று. சாமியும் ஒன்றே, மலையும் ஒன்றே, பூஜையும் ஒன்றே! அப்படியிருக்க, மாறியது என்ன? கலத்தின் கால்களுக்குப் பலம் கூட்டினார்கள், எரிபொருளை அதிகமாக்கினார்கள், அரைக் கிலோமீட்டர்ச் சதுரமாயிருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளமும் இரண்டரைக் கிலோமீட்டர் அகலமுமாக விரித்தார்கள். பிழை எங்கே என்று தேடித் திருத்தினார்கள். அந்த மகத்தான புத்தியைப் பாராட்டுகிறோம். அந்தப் புத்தி சம்பாதித்த பெருமையை உண்டியல் வைத்திருப்பவன் பங்கு கேட்கும்படி விடுவதைத்தான் ஏன் என்று கேட்கிறோம். அந்தப் பெரிய ராக்கெட்டின் நடுப்பாகத்தைத் தள்ளிய விகாஸ் எஞ்சின் இரண்டும், 1974 ஒப்பந்தத்தின்படி நம் என்ஜினீயர்கள் பிரான்சில் வெர்னோன் என்ற ஊரிலே போய் உட்கார்ந்து கற்று வந்த வித்தையின் பலன். பிரஞ்சு தேசத்தோடு உறவுள்ள புதுச்சேரிக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேடிக்கை. நம் நாட்டு விண்வெளி வேலை தும்பாவில் தொடங்கியபோது அங்கே மேரி மக்தலேன் மாதா கோயில் இருந்தது. பிஷப் பீட்டர் பெர்னார்ட் பெரேரா என்பவர் ஜனங்களிடம் எடுத்துச் சொல்லி அந்தக் கோயிலையே கொடுக்கச் செய்தார். கோயில் ஆபீஸாயிற்று; சைக்கிளில் ராக்கெட்டுச் சாமான் போயிற்று; 1963 நவம்பர் 21-ந் தேதி முதல் ராக்கெட்டு கிளம்பிற்று. அன்று கோயில் விஞ்ஞானத்துக்கு இடம் கொடுத்தது. இன்று விஞ்ஞானி கோயிலில் போய் வரிசையில் நிற்கிறார்!

நிற்க. வானத்துக்குப் போகும் ராக்கெட்டுக்கு வருவோம். இந்தச் சிறு ராக்கெட்டுப் பெட்டியைக் கண்டவர் எந்த ரிஷியுமல்ல; அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாகாணத்தில் நார்போக் என்ற ஊரில் செருப்புக்கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைல் என்பவர். 1954-ல் தம் சகோதரர் ராபர்ட்டோடு சேர்ந்து செய்தார். செருப்புக்கடைக்காரன் ராக்கெட்டு செய்யலாமா என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை. 1957-ல் ரஷ்யர்கள் ஸ்புட்னிக்கை விட்ட காலத்தில் பிள்ளைகள் தாங்களே மருந்து இடித்துக் குழாயில் அடைத்துக் கை விரலை இழந்துகொண்டிருந்தார்கள். அதற்கு மாற்றாகத்தான் இந்தப் பெட்டி பரவிற்று.

பெட்டிக்குள் இருப்பதெல்லாம் ஒரு அட்டைக்குழாய், ஒரு மூக்குக்கூம்பு, மெல்லிய மரத்தில் மூன்று வாலிறகு, ஒரு சிறு பாராசூட், ரப்பர் கயிறு, கம்பியில் கோத்து நிறுத்த ஒரு சிறு குழல், இவ்வளவே. குழாயின்மீது நேர்கோடு போடக் கதவுநிலையின் உள்மூலையில் குழாயை வைத்துப் பென்சிலை இழுத்தால் போதும். வாலிறகில் மரத்தின் இழை அதன் முன்விளிம்போடு ஒட்டி ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முறிந்துவிடும். இதைத் தச்சர் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இருக்கும் அறிவை அறிவு என்றே ஒப்புக்கொள்ளாத சமூகமல்லவா நம்முடையது! கையால் வேலை செய்கிறவன் கீழ், கை நனையாதவன் மேல் என்று வைத்த நாட்டில் கைக்கும் கணக்குக்கும் சம்பந்தமே அற்றுப்போயிற்று. 1780-ல் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பொள்ளிலூரில் மைசூர்ப் படையின் இரும்புக்குழாய் வாணங்கள் கும்பெனிப் படையைக் கலங்க அடித்தன. பிறகு அந்த வாணங்களை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டு போனான். காங்கிரீவ் என்பவர் அவைகளை ஆராய்ந்து புதிது செய்தார். நாம் ஆயுதத்துக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம், அவன் அளந்துகொண்டிருந்தான்.

இனி, ஒட்டி முடித்த ராக்கெட்டு நேராகப் போகுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எஞ்சினை உள்ளே வைத்து, ராக்கெட்டு விரல்மேல் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டு, அங்கே நூலைக் கட்டித் தலைக்குமேல் சுற்றுங்கள். மூக்கு முன்னே போனால் சரி. தடுமாறினால் மூக்கில் கொஞ்சம் களிமண் வையுங்கள், அல்லது வாலிறகைப் பெரிதாக்குங்கள். எடை நிற்கும் இடம் காற்று அழுத்தும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பதே சங்கதி. இதற்கு ஜாதகம் வேண்டியதில்லை. நூல் ஒன்று போதும்.

எஞ்சின் என்பது அழுத்திய மருந்துள்ள சிறு அட்டை உருளை. சின்னதில் மருந்து ஒரு செகண்டுக்குள் எரிந்துவிடும். பிறகு புகைமட்டும் விட்டுக்கொண்டு சில செகண்டு தானாக மேலே போகும். கடைசியில் முன்பக்கம் ஒரு சிறு வெடி மூக்கைத் தள்ளிப் பாராசூட்டை வெளியே விடும். பாராசூட்டு கருகாமலிருக்கத் தீப்பற்றாத காகிதத்தை நடுவில் திணிக்க வேண்டும். அதை மறந்தால் பாராசூட்டு உருகி ஒட்டிக்கொள்ளும். ராக்கெட்டு ஈட்டிபோல் இறங்கும். அப்போது "திருஷ்டி பட்டுவிட்டது" என்று பாட்டி சொல்லுவாள். காகிதம் வைத்தாயா என்று மட்டும் பிள்ளையைக் கேளுங்கள்.

ஆனால் ஒன்று. பட்டாசைப் பிரித்து மருந்தைத் திரட்டி அடைப்பதென்பது ஒருபோதும் கூடாது. நம் நாட்டில் மருந்து சம்பந்தப்பட்டதெல்லாம் 1884-ம் வருஷத்து வெடிமருந்துச் சட்டத்துக்குள் வருகிறது. ஆலையில் செய்த எஞ்சினை விஷயம் தெரிந்த பெரியவர் முன்னிலையில், அனுமதியோடு, மின்சாரத்தால் மட்டுமே பற்றவைக்க வேண்டும். குறைந்தது 15 அடி தள்ளி நிற்க வேண்டும். அது கிடைக்காத பிள்ளைக்கு ஒரு குறையுமில்லை. 2 லிட்டர் சோடா பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, வாயைக் கார்க்கால் அடைத்து, சைக்கிள் பம்பால் காற்றடித்தால் அதுவும் ராக்கெட்டே. தண்ணீர் கீழே பாய, பாட்டில் மேலே போகும். நியூட்டன் 1687-ல் எழுதி வைத்த விதி எரிகிற மருந்துக்கும் ஒன்றுதான், குழாய்த் தண்ணீருக்கும் ஒன்றுதான்.

புஷ்பக விமானக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வைமானிக சாஸ்திரம் என்ற நூலை 1974-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, அது 1904-க்கு முற்பட்டதல்ல, அதிலுள்ள விமானம் பறக்கவும் மாட்டாது என்று எழுதிவிட்டார்கள். நம் பிள்ளையின் பாட்டில் பறக்கிறது! எவ்வளவு உயரம் என்றும் சொல்லலாம். 100 அடி தள்ளி நின்று, கோணமானியில் நூலும் கல்லும் கட்டிக் குறி பார்த்து, உச்சியில் 45 டிகிரி காட்டினால் உயரம் ஏறக்குறைய 100 அடி.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே பட்டிபுலத்தில் 2023 பிப்ரவரி 19-ந் தேதி மாணவர்கள் செய்த 150 சிறு செயற்கைக்கோள்களை ஏந்திக்கொண்டு ஒரு ராக்கெட்டு போயிற்று. 2024 ஆகஸ்ட் 24-ந் தேதி திருவிடந்தையிலிருந்து ரூமி-1 கிளம்பிற்று. புதுச்சேரிப் பிள்ளைகள் ஏன் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்க வேண்டும்? பள்ளிக்கூடங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் ராக்கெட்டுப் பொம்மையைப் பூட்டி வைத்து, ஆயுத பூஜையன்று மாலை போடுகிறார்கள். அந்தச் செலவில் அட்டையும் பசையும் வாங்கச் சொல்லி உபாத்தியாயரைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளைக் கோலம் போட அனுப்பிவிட்டு ஆண் பிள்ளைகளிடம் பசையைக் கொடுக்கிற வழக்கமும் வேண்டாம். பொத்தானை அழுத்துகிற முறை அவர்களுக்கும் வரட்டும்.

லாசுப்பேட்டைப் பக்கம் விமான நிலையம் இருப்பதால் அங்கே விடக் கூடாது. கடற்கரையில் ஜனக்கூட்டம். ஊருக்கு வெளியே, வைக்கோற்போரும் மின்கம்பியும் இல்லாத திறந்த வெளியாகப் பாருங்கள். விடியற்காலையில் நிலத்துக் காற்று பாராசூட்டைக் கடல் பக்கம் இழுக்கும். பிற்பகலில் கடற்காற்று ஊர்ப்பக்கம் தள்ளும். ராகுகாலம், எமகண்டம் பார்க்க வேண்டாம். காற்று மணிக்கு 30 கிலோமீட்டருக்குமேல் அடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.