பழகிய காட்சியில் புதிய கண்ணீர்

திருகோணமலை நகருக்கு அண்மையில் கன்னியா என்னுமிடத்தில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் அன்னைக்கு ஈமக்கடன் ஆற்றிய இடம் அது என்பது ஐதிகம். இறந்தோர்க்குக் கடன் கழிப்போரைக் கவனித்தவர் ஓர் உண்மையை அறிவர். துயருற்றோர் ஓயாது அழுவதில்லை. கிரியைகளை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டே இருப்பர். இடையே இறந்தவரின் பெயரைச் சொல்ல நேரும்பொழுது குரல் உடைந்துவிடும். அழவேண்டும் என்று எண்ணி வந்த கண்ணீரன்று அது. அடக்கியும் மீறி வந்தது.

நடிகனுக்கு வேண்டுவதும் அத்தகைய கண்ணீரே. ஆயின், ஒரே காட்சியைப் பலநூறு இரவுகள் நடிப்பவன், முதல்நாள் தானாக வந்ததை மறுநாள் தேடிச் செல்கிறான்; அப்பொழுதே அது வற்றிவிடுகிறது. கையும் குரலும் பழக்கத்தால் இயங்குகின்றன. கடைசி வரிசையில் இருப்பவரும் அதனைக் கண்டுகொள்வர்.

காங்கேசன்துறை தந்த நடிகமணி வி. வி. வைரமுத்து 1989ஆம் ஆண்டு மறைந்தார். அரிச்சந்திர மயான காண்டத்தை அவர் ஆயிரம் முறைக்கு மேல் மேடையேற்றினார். கதை முழுவதும் அறிந்தவர்களே மீண்டும் மீண்டும் வந்து கண்கலங்கினர். அக்காட்சி பழசாகாதது எதனால்?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுகிறார். பிறர் இகழ்தலாகிய இளிவு, உரியோரைப் பறிகொடுத்தலாகிய இழவு, முன்னைய நிலையிலிருந்து தாழ்தலாகிய அசைவு, பொருளின்மையாகிய வறுமை என்பன அவை. மயான காண்டத்தில் இந்நான்கும் உள்ளன. மன்னன் சுடலை காக்கிறான். மனைவியிடம் மகனின் பிணத்தைச் சுடக் கூலியில்லை. இன்று ஒரு வாயிலும் நாளை மற்றொரு வாயிலுமாக நடிகன் துயரினுள் புகலாம்.

இதனினும் பெரியது ஒன்றுண்டு. எதிரே நிற்பவள் சந்திரமதி என்பதை நடிகன் அறிவான்; காவலன் அறியான். அவன் கூலி கேட்கவே நிற்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலியை விற்கச் சொல்லும் வரையில் அவன் கடுமை குறையலாகாது. முன்கூட்டியே கலங்கும் நடிகன் காட்சியைக் கொன்றுவிடுகிறான். கடமையில் ஊன்றி நின்று, எதிரே நிற்பவள் இன்று எவ்வாறு பேசுகிறாள் என்று உண்மையாகச் செவிசாய்ப்பவனுக்கோ, அந்தக் கணம் ஒவ்வோர் இரவும் புதிதாகவே வருகிறது.

பாடசாலை மேடைகளில் ஒத்திகை பார்க்கும் இளைஞர், “எவ்வாறு அழுவது?” என்று கேட்பதுண்டு. “இப்பொழுது செய்யவேண்டியது யாது?” என்று கேட்பாராயின், அழுகை தானே வந்து சேரும்.