ஓர் எழுத்துப் பிழையும் இரண்டு கோடி டொலரும்

களவு என்றவுடன் கன்னக்கோலும் உடைந்த பூட்டும் நினைவுக்கு வருவது பழைய வழக்கம். 2016ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் பங்களாதேஷ் மத்திய வங்கியில் நிகழ்ந்த களவிலோ சுவரைத் துளைத்தாருமில்லை, பூட்டைத் தொட்டாருமில்லை. ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்னரே, வேலை தேடுவோர் விண்ணப்பம்போலப் பணிவான மின்னஞ்சல்கள் அவ்வங்கியின் அலுவலருக்கு வந்தன. அவற்றில் இணைத்திருந்ததைத் திறந்தபோதே கள்வருக்கும் கதவு திறந்தது. புகுந்தவர் உடனே எதையும் எடுத்தாரல்லர். வங்கியின் நடைமுறைகளையும் விடுமுறை நாட்களையும் மாதக்கணக்கிற் கற்றனர். இப்பொறுமை நமது மாணாக்கரிற் சிலருக்கேனும் வாய்த்தல் நன்று!

பெப்ரவரி 4ஆம் திகதி வியாழக்கிழமை இரவு, நியூயோர்க்கிலுள்ள பெடரல் ரிசேர்வ் வங்கிக்கு 35 கட்டளைகள் சென்றன. கேட்கப்பட்ட தொகை ஏறத்தாழ 95 கோடி டொலர். அவை வங்கியின் சொந்தக் கணினி வழியாகவே, உரிய கடவுச்சொற்களுடன் சென்றமையால், தோற்றத்திற் குற்றமேதும் இருக்கவில்லை.

இத்தகைய கட்டளைகள் டாக்காவில் தாமாகவே தாளில் அச்சாகும் ஏற்பாடு ஒன்றிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அச்சுப்பொறி இயங்கவில்லை. அச்சுப்பொறி பழுதாவது எந்த அலுவலகத்திலும் புதுமையன்று. அன்று அந்நாட்டில் வார விடுமுறையுங்கூட. மறுநாள் பார்க்கலாமென விட்டுச் சென்றனர். அப்பொறியின் வாயைக் கட்டியவர் கள்வரே என்பது பின்னரே தெரிந்தது. உண்மை வெளிப்பட்டபொழுது நியூயோர்க்கிற் சனி, ஞாயிறு விடுமுறை. திங்களன்று, பணம் போய்ச் சேர்ந்த மணிலாவிற் சீனப் புத்தாண்டு விடுமுறை. பஞ்சாங்கம் பார்த்துக் களவு செய்தனர் எனலாம்.

35 கட்டளைகளில் 30ஐ நியூயோர்க் வங்கி நிறுத்திற்று, ஐந்து தப்பின. அவற்றுள் ஒன்று இலங்கைக்கு உரியது. கொழும்பிலுள்ள ஓர் அமைப்பின் பெயருக்கு 2 கோடி டொலர் வந்தது. 'ஃபவுண்டேஷன்' என்றிருக்க வேண்டிய ஆங்கிலச் சொல்லைக் கள்வர் 'ஃபண்டேஷன்' எனப் பிழைபட எழுதியிருந்தனர். இடையே நின்ற ஜெர்மானிய வங்கியாகிய டொய்ச்சே வங்கியில் ஒருவர் கண்ணில் அது பட்டது; விளக்கம் கேட்டனர். கொழும்பு வங்கியிலும் இத்துணைப் பெருந்தொகை ஐயத்தை எழுப்பிற்று. அப்பணம் திரும்பிவிட்டது. எழுத்துப் பிழை திருத்திச் சலித்த ஆசிரியர்களுக்கு இஃதோர் ஆறுதல்.

மணிலாவுக்குச் சென்ற 8 கோடி 10 இலட்சம் டொலரை இவ்வாறு வினவுவார் இல்லை. அதிற் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியாக மறைந்தது. மத்திய வங்கியின் ஆளுநர் அடுத்த மாதமே பதவி துறந்தார்.

சிறு கடைக்காரரையும் இதே கலை தேடி வருகின்றது. "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்கிற்கே பணம் அனுப்புக" என்று, நெடுநாட் பழகிய மொத்த வியாபாரியின் பெயரால் மின்னஞ்சல் வரும். வியாபாரியின் அஞ்சற் பெட்டிக்குள்ளேயே கள்வர் பல வாரமாக இருந்து படித்திருத்தல் கூடுமாதலின், நடையும் சரியாகவே இருக்கும். அம்மடலுக்கே மறுமொழி எழுதி உண்மையா என்று கேட்டால், "உண்மையே" எனக் கள்வரே விடையெழுதுவர். பழைய பற்றுச்சீட்டில் அச்சிட்டுள்ள தொலைபேசி இலக்கத்துக்குத் தாமே அழைத்துக் கேட்பவர் தப்புவர்.

வங்கியிலிருந்து பேசுவதாகக் கூறி, கைத்தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்போரும் உளர். அவ்வெண் கணக்கின் இரண்டாஞ் சாவி. அதை எந்த வங்கியும் வாடிக்கையாளரிடம் வாய்மொழியாகக் கேட்பதில்லை.

இத்தனையும் கடந்து கள்வர் புகுதலும் உண்டு. கணினியிலுள்ள ஏடுகளையெல்லாம் பூட்டிவிட்டுத் திறப்பதற்குப் பணம் கேட்பர். கணக்குகளின் படியொன்றை வாரந்தோறும் வேறொரு கருவியிற் பதிந்து, கணினியிலிருந்து கழற்றி அலுமாரியில் வைத்த கடைக்காரர், அன்று கணினியைத் துடைத்துச் சீர்செய்து, அலுமாரியைத் திறந்து, சென்ற வாரத்துக் கணக்கிலிருந்து வேலையைத் தொடங்குவார்.