காலை 11 மணிக்குச் செல்பேசி யார் கையில்?

(குழந்தைகளுக்கான இலவச இணையவழி கோடை அறிவியல் முகாம் குறித்து, ஆம்பூரில் பெற்றோர், தன்னார்வலர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



முகாமின் தலைப்பு ‘ஆற்றல்’. கட்டணம் இல்லை. தினமும் காலை 11 மணிக்கு நடத்தலாம் என்கிறார்கள் சில தோழர்கள். நான் ஒப்பவில்லை. நம் தெருவில் பல வீடுகளில் ஒரே செல்பேசிதான். 11 மணிக்கு அது அப்பாவோடு தோல் ஷாப்பிலோ, அம்மாவோடு ஷூ கம்பெனியிலோ இருக்கும்.

இது புதிய சிக்கலும் அல்ல. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. கல்வித் தொலைக்காட்சி இருந்தது, இணைய வகுப்பு இருந்தது. அதற்குப் பிறகும் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலர்களைத் தெருவுக்கே அனுப்ப வேண்டி வந்தது. திரை மட்டும் போதாது என்று அரசே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

முதல் நாள் பாடமே இதுவாக இருக்கட்டும். ஒரு செல்பேசி மின்கலம் கொள்வது ஏறத்தாழ 15 வாட்-மணி. ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. இழப்பைக் கழித்தாலும் ஒரு யூனிட்டில் நாற்பது தடவையாவது சார்ஜ் ஏற்றலாம். செலவு மின்சாரத்தில் இல்லை, டேட்டாவில் இருக்கிறது. பிள்ளைகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து, எடுத்துக்காட்டுகள். பாடப்புத்தகத்தில் காற்றாலையும் அணையும் வரும், வரட்டும். நம் ஊரில் டிரம் சுற்றுகிறது. மின்னாற்றல் இயக்க ஆற்றலாக மாறுவதை அதைவிடத் தெளிவாக எங்கே காட்டுவது? “தோல் ஷாப்பைப் பாடமாக்கினால் பிள்ளையை அங்கேயே தள்ளுவதாகாதா?” என்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான அச்சம். 1953இல் ராஜாஜி பாதிநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று கொண்டுவந்ததைத்தான் குலக்கல்வி என்று எதிர்த்தோம். 1954இல் காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. தோலை ஊறவைக்கக் கற்றுக்கொடுப்பது வேறு. டிரம்மை ஓட்டும் மோட்டார் எத்தனை யூனிட் தின்கிறது, அதை யார் கணக்கெழுதுகிறார் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது வேறு.

கழிவுநீரையும் விடக்கூடாது. கொதிநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.63 யூனிட் வெப்பம் வேண்டும். உப்புக் கழிவைக் காய்ச்சி வற்றவைக்க எவ்வளவு விறகும் மின்சாரமும் ஆகும் என்று பெருக்கிப் பார்த்தால், பாலாற்றில் திறந்துவிடுவது ஏன் லாபமாக இருந்தது என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இந்த வேலூர் வழக்கில்தான்.

நிலை ஆற்றல் பாடத்துக்கு மலைமேல் பாறை வேண்டாம். 2015 சனவரி 31 அதிகாலை, ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் செத்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். உயரத்தில் தேக்கிய கசடு எவ்வளவு ஆற்றலைச் சுமக்கிறது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லும்போது, அதன் கீழே யாரைப் படுக்க வைத்திருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சிறியவர்களுக்கு எப்படிச் சொல்வது என்பதை ஆசிரியத் தோழர்கள் முடிவு செய்யட்டும்.

ஆகவே என் முன்மொழிவு: முகாம் மாலை 7 மணிக்கு. தெருவுக்கு ஒரு வீட்டில், ஒரே செல்பேசியைச் சுற்றி ஐந்தாறு பிள்ளைகள், கூடவே ஒரு தன்னார்வலர். டேட்டா செலவு நம்முடையது. எந்தெந்தத் தெருவுக்கு யார் என்று இப்போதே பெயர் எழுதிவிடலாம்.