மஞ்சள் மங்கலமா? மருந்தா?

(சுயமரியாதைப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மஞ்சள். சுயமரியாதைக்காரர்களுக்கு மஞ்சளில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. மஞ்சளின் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கி, "தின்ற தீனியால் உடம்பில் உண்டாகும் அழற்சியை இது போக்கிவிடும், சர்க்கரை வியாதிக்கு வேறு மருந்தே வேண்டாம்" என்று விற்கிறார்கள். கூடவே, "நம் முன்னோர்கள் இதை அன்றே கண்டுதான் மஞ்சளை மங்கலப் பொருளாக்கினார்கள்" என்ற பிரசங்கமும் நடக்கிறது.

முதலில் அந்தப் பிரசங்கத்தைப் பார்ப்போம். மருந்து என்று கண்டுதான் மங்கலமாக்கினார்கள் என்றால், புருஷன் செத்தவுடனே அந்த மஞ்சளைப் பெண்ணிடமிருந்து பறித்தது ஏன்? விதவைக்குப் புண் வராதா? வீக்கம் வராதா? மருந்து என்பது வியாதி வந்தவர் எல்லோருக்கும் பொதுவல்லவா? ஆகவே, மங்கலம் என்பது உடம்பைப் பார்த்து வந்ததல்ல. பெண்ணைப் புருஷனுடைய சொத்து என்று அடையாளம் போட வந்ததேயாகும்.

நிற்க, அழற்சி என்பது என்ன? காலில் முள் தைத்தால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிக்கிறது. உடம்பு தன்னைக் காத்துக்கொள்ள இரத்தத்தின் வெள்ளணுக்களை அங்கே அனுப்புவதால் வருவது அது. காரியம் முடிந்தால் அடங்கிவிடும். ஆனால் அளவுக்கு மேல் தின்று வயிற்றில் கொழுப்புச் சேர்ந்தால், அக்கொழுப்பிலேயே இவ்வணுக்கள் குடியேறி, ஓயாமல் அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. 1993-ல் கொழுத்த எலிகளின் கொழுப்பில் அப்படிப்பட்ட ஒரு பொருளைக் கண்டுபிடித்தார்கள். இந்த அழற்சியில் வலி தெரியாது. ஆனால் இன்சுலினின் வேலை கெடும். இரத்தக் குழாயும் கெடும்.

இனி மஞ்சளின் யோக்கியதை என்ன? அதிலுள்ள குர்க்குமின் என்ற பொருளை 1815-லேயே ஐரோப்பாவில் பிரித்தெடுத்தார்கள். கண்ணாடித் தட்டில் வளர்த்த அணுக்களில் அது அழற்சியைத் தணிக்கிறது, இது வாஸ்தவம். ஆனால் மனிதன் கண்ணாடித் தட்டு அல்லவே! 100 பங்கு மஞ்சள்தூளில் குர்க்குமின் சுமார் 3 பங்குதான். அதிலும் இரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். 1998-ல் பெங்களூரில் செய்த பரீட்சையில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் காரச்சத்து 20 மில்லிகிராம் சேர்த்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு கூடிற்று. உடனே வியாபாரிகள் அதையும் மாத்திரையில் சேர்த்துவிட்டார்கள்.

பலன் என்ன? 2017-ல் இரசாயன நிபுணர்கள் அதுவரை நடந்த பரீட்சைகளை அலசிப் பார்த்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்ட கண்டிப்பான சோதனை எதிலும் குர்க்குமின் தீர்மானமாய் ஜெயிக்கவில்லை என்றார்கள். மூட்டு வலிக்குச் சிறிது குணம் கண்டதாய்ச் சில சிறு சோதனைகள் சொல்லுகின்றன. அதை மறுக்க நமக்கு ஆசையில்லை. ஆனால், இத்தகைய மாத்திரைகளைத் தின்ற சிலருக்குக் கல்லீரல் கெட்டதாக இத்தாலியில் 2019-லும், ஆஸ்திரேலியாவில் 2023-லும் சர்க்கார் எச்சரிக்கை வந்ததை விளம்பரக்காரர் சொல்லுவதில்லையே, ஏன்? குழம்பில் போடும் மஞ்சளுக்கு அந்தப் பயம் இல்லை.

நமக்குத் தெரிந்த நெசவுத் தோழர் ஒருவர், வைத்தியர் கொடுத்த சர்க்கரை மருந்தை நிறுத்திவிட்டு, வாரக் கூலியில் பாதியை இந்த மாத்திரைக்குக் கொடுத்தார். காலில் புண் வந்து, ஒரு விரலை எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரியை நம்பினார். கோவில் உண்டியலில் போட்ட காசாவது காசோடு போகும். இது காலையும் கொண்டுபோயிற்று.

ஆகவே தோழர்களே, மஞ்சளைத் தாராளமாய்க் குழம்பில் போடுங்கள். மாத்திரைக்குக் கொடுக்கும் பணத்தில் கீரையும் பயறும் காய்கறியும் வாங்குங்கள். சர்க்கரையையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் குறையுங்கள். வைத்தியரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள். வீட்டில் விதவைச் சகோதரி இருந்தால், அவருக்கு இஷ்டமானால் மஞ்சள் பூசிக் குளிக்க ஒருவரும் தடை சொல்லாதீர்கள். நாம் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டாம். ருஜு எங்கே என்று எம்மையும் கேளுங்கள். மாத்திரை விற்பவனையும் கேளுங்கள்.